வாங்குவோர் கேள்வி-பதில்: ஜெர்மன் ஊர்களின் பழைய நோட்டுகள்

1914 முதல் 1924 வரை, முதலில் சில்லறைத் தட்டுப்பாட்டாலும் பிறகு பணவீக்கத்தாலும் திணறிய ஜெர்மனியில் நகராட்சிகளும் சேமிப்பு வங்கிகளும் ஆலைகளும் தாங்களே அச்சிட்டு விட்ட நோட்டுகள்தான் நோட்கெல்ட். இம்முறை கடிதங்கள் எல்லாமே பழைய ஜெர்மன் நோட்டுகளைப் பற்றியவை.

கேள்வி: ஹாமெல்ன் ஊரின் எலி பிடிப்பவன் படம் போட்ட நோட்டு செட் ஒன்றைச் சந்தையில் 60 யூரோவுக்கு வாங்கினேன். மடிப்பே இல்லை. அபூர்வம்தானே?

பதில்: இல்லை. 1921, 1922-இல் இப்படிப்பட்ட படத் தொடர்களைப் பல ஊர்கள் சேகரிப்போருக்கு விற்பதற்கென்றே அச்சடித்தன. கடைக்குப் போகாமல் நேரே ஆல்பத்துக்குப் போனவை. மடிப்பு எங்கிருந்து வரும்? சாதாரணத் தொடர்கள் தாளுக்கு ஓரிரு யூரோதான். முடிந்த ஏலங்களின் விலையைப் பார்க்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள்.

கேள்வி: 1923-ஆம் ஆண்டு 10 கோடி மார்க் நோட்டை 'வட்டார நோட்டு' என்று 25 யூரோ சொல்கிறார்கள்.

பதில்: 'ரைஷ்ஸ்பாங்க்நோட்டெ' என்று அச்சாகியிருந்தால் அது வட்டார நோட்டே அல்ல, பெர்லின் மத்திய வங்கியுடையது. வேண்டாம்.

கேள்வி: தனிநபர் ஒருவரிடம் ஆன்லைனில் 85 யூரோவுக்கு சாக்சன் வங்கி நோட்டு வாங்கினேன். 'காசன்ஃப்ரிஷ்' என்று போட்டிருந்தார். வந்த நோட்டில் நடுவே மெல்லிய கோடு. திருப்பி எடுக்கமாட்டாராம், விளம்பரத்திலேயே சொல்லிவிட்டாராம்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார். வங்கியிலிருந்து அப்படியே வந்த, மடிப்பில்லாத நோட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். திருப்பி எடுக்கமாட்டேன் என்று போட்டிருந்தாலும், தன் கையால் எழுதிய தரத்துக்கு அவர் பொறுப்பு. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், கோட்டின் படம் இரண்டையும் இணைத்து, கெடு தேதி போட்டு எழுத்தில் பணம் கேளுங்கள். விற்றவர் வணிகராக இருந்திருந்தால், 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பியிருக்கலாம்.

நோட்டை அழுத்தி விற்பவர்கள்மேல் எனக்கு அடங்காத கோபம் உண்டு. ஈரப்படுத்தி, கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தாலோ இஸ்திரி போட்டாலோ மடிப்பு கண்ணுக்கு மறையும். உடைந்த நார் சேராது. அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசை மட்டத்தில் பக்கவாட்டாகப் பிடியுங்கள். கோடு நிழலாக எழும். பிறகு விளக்குக்கு நேரே தூக்கினால் மடிந்த இடம் வெளிறித் தெரியும். தாள் மொடமொடப்பு இழந்து துணிபோலத் துவளும். கடைசியாகப் புற ஊதா விளக்கு. அந்தக் காலத் தாளில் வெண்மையூட்டி கிடையாது. மங்கலாகத்தான் இருக்க வேண்டும். நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் பிற்கால நகலாக இருக்கும், இல்லையேல் சலவைத்தூளில் கழுவியிருப்பார்கள். இதையெல்லாம் 'தரம் கூட்டுவது' என்கிறார்கள். மோசடி அது. நடுவில் மடிப்பு உண்டு என்று சொல்லி விற்பவரிடம் தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி: பீலஃபெல்ட் சேமிப்பு வங்கி பட்டுத் துணியில் அச்சிட்ட நோட்டில் கறை. துவைக்கலாமா?

பதில்: கூடாது. சாயம் ஓடிவிடும்.

கேள்வி: ஸ்டேஷனரிக் கடை பிளாஸ்டிக் உறை போதுமா?

பதில்: பிவிசி என்றால் கூடவே கூடாது. அதை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம் கசிந்து தாளைப் பிசுபிசுப்பாக்கும், மையை உறிஞ்சும். விற்றவர் அப்படியொரு உறையில் போட்டுக் கொடுத்த பவேரிய நோட்டு ஒன்று என்னிடம் உண்டு. பாதி மை உறையில்தான் இருக்கிறது. பாலியஸ்டர் உறையாகக் கேட்டு, நோட்டைவிடச் சில மில்லிமீட்டர் பெரிதாக வாங்குங்கள். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தால் நோட்டை உருவாதீர்கள். உறையின் ஓரங்களை வெட்டித் திறந்து, பிளாஸ்டிக்கை மெதுவாக நோட்டிலிருந்து விலக்குங்கள்.