நட்சத்திர மீன் எப்படி நடக்கிறது? கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: அக்கா, துடுப்பு இல்லை, வாலும் இல்லை. நட்சத்திர மீன் எப்படி நகர்கிறது?

பதில்: அது மீன் இல்லை தம்பி, முட்தோலி, அதாவது தோலில் முட்கள் கொண்ட கடலுயிர். அடிப்புறத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கரத்தின் நடுவிலும் ஒரு பள்ளம் ஓடும். அதில் வரிசை வரிசையாகக் குழாய்க்கால்கள், மொத்தம் நூற்றுக்கணக்கில். ஒவ்வொரு காலுக்கும் மேலே உடலுக்குள் ஒரு சிறு நீர்க்குமிழ் இருக்கிறது. குமிழ் சுருங்கினால் நீர் இறங்கிக் கால் நீளும். காலின் தசை இறுகினால் நீர் குமிழுக்கே திரும்பும். முதுகில் மையத்திலிருந்து சற்றுத் தள்ளித் தெரியும் சிறு பொட்டு, இந்த நீர்க்குழல்களைக் கடலோடு இணைக்கும் சல்லடைத் தட்டு. மூளை கிடையாது. ஏதாவது ஒரு கரம் முன்னே போகும், மற்றவை பின்தொடரும். பார்ப்பதற்காகத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். அந்தக் கால்கள் உறிஞ்சி ஒட்டுகின்றன என்றே கற்பித்தேன். நீங்கள் பசை என்று சொல்வதாகக் கேள்விப்பட்டேன்.

பதில்: பசைதான், ஐயா. உறிஞ்சல் என்றால் ஓட்டைகள் நிறைந்த பரப்பில் பிடி நிற்காது. இவை அதிலும் ஒட்டுகின்றன. கண்ணாடியில் நடக்கவிட்டு, போன பிறகு சாயம் ஊற்றினால் வட்ட வட்டமாகக் காலடித் தடம் தெரியும். அது புரதம் கலந்த பசை. கால் நுனி வட்டில் ஒட்டுவதற்கு ஒரு சுரப்பு, விடுவதற்கு இன்னொன்று.

கேள்வி (அதே ஆசிரியர்): அப்படியானால் சிப்பியைத் திறந்து தின்னும் வலு எங்கிருந்து?

பதில்: பசை பிடிக்கும், தசை இழுக்கும். இரண்டும் வேறு வேலை. சிப்பி அகலத் திறக்கவும் வேண்டாம். மயிரிழை இடைவெளி கிடைத்தாலே வயிற்றை வெளியே தள்ளி உள்ளே நுழைத்துவிடும், அங்கேயே செரிக்கத் தொடங்கும். பாடம் சொல்லித் தந்த தலைமுறைமேல் குறை இல்லை ஐயா. வட்டு கிண்ணம்போல் இருப்பதால் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

கேள்வி: நட்சத்திர மீனுக்கு உடல் முழுக்கத் தலை என்கிறார்களே, உண்மையா?

பதில்: 2023இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு அப்படித்தான் காட்டியது. தலையை உருவாக்கும் மரபணுக்கள் கரங்கள் நெடுகிலும் வேலை செய்கின்றன. நடு உடலுக்குரியவை வெளித்தோலில் அநேகமாக இல்லை.

கேள்வி: எப்படி நடக்கிறது, மேடம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஒரு கரத்திலிருந்து முழு உயிர் முளைக்குமா?

பதில்: லிங்க்கியா என்னும் நட்சத்திர மீன் போன்ற சிலவற்றில் முளைக்கும். பெரும்பாலானவற்றுக்குக் கரங்கள் சேரும் மைய வட்டின் ஒரு பகுதியாவது வேண்டும்.

கேள்வி: கடல் அட்டை பிடிக்கலாமா?

பதில்: கூடாது. 2001 முதல் இந்தியாவில் பாதுகாக்கப்பட்ட உயிர். மற்றதை வனத்துறையிடம் கேளுங்கள்.

கேள்வி: வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

பதில்: வேண்டாம். வெளியே எடுக்காதீர்கள் என்று சொன்னதன் பொருள் அதுவும்தான்.

கேள்வி: மன்னார் வளைகுடாவில் முதுகில் சிவப்புக் குமிழ் வைத்த நட்சத்திர மீன் வலையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. பிய்த்தெடுக்கலாமா?

பதில்: பிய்க்காதீர்கள், அண்ணே. வேகமாக இழுத்தால் கால் அறுந்துவிடும், நுனி வட்டு மட்டும் வலையிலேயே ஒட்டி நிற்கும். வலையின் அந்தப் பகுதியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். அதுவாகவே ஒவ்வொரு காலாக விடும்.