'நம்ம ஆள்' ஜெயித்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு வருடமாக வெளிநாட்டில் வேலை பார்க்கிறேன். வரி கட்டுகிறேன், ஓட்டு கிடையாது. அண்மையில் நம்மவர் ஒருவர் இங்கே நகரசபைக்குத் தேர்வானார். நண்பர்களிடையே ஒரே கொண்டாட்டம். "நம்ம ஆள் உள்ளே போயாச்சு, இனி நமக்கு ஓட்டு எதற்கு?" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்து?

கே.

அன்புள்ள கே.,

கொண்டாடட்டும், தப்பில்லை. எனக்கு இடிப்பது 'நம்ம ஆள்' என்ற சொல்தான்.

1892-ல் காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான, பம்பாயிலிருந்து போன பார்சி தாதாபாய் நௌரோஜி லண்டனின் ஃபின்ஸ்பரி சென்ட்ரலில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, லிபரல் உறுப்பினராகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போனார். அங்கே இந்தியாவின் வறுமையைப் பற்றிப் பேசினார். 1895-ல் தோற்றார். அதே தேர்தலில் பெத்னல் கிரீன் பகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சிக்காக ஜெயித்தவர் மஞ்சர்ஜி பவ்நகரி. அவரும் பார்சி, அவரும் பம்பாயிலிருந்து போனவர். ஆனால் ஆங்கில ஆட்சியின் உறுதியான ஆதரவாளர், காங்கிரஸுக்கு எதிரி. (தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காக அவர் வாதாடியதையும் சொல்லிவிட வேண்டும்.) இருவரில் யார் நம்ம ஆள்? இந்தியாவில் இருந்தவர்கள் அதைத் தீர்மானிக்க வழியே இல்லை. இருவரையும் அனுப்பியதும் திருப்பி அழைத்ததும் லண்டன்காரர்கள்.

ஓட்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு இலங்கையின் மலையகத்தைவிட வேறு உதாரணம் வேண்டாம். 1947 தேர்தலில் அங்கே இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டார்கள், தங்கள் பிரதிநிதிகளை அனுப்பினார்கள். 1948-ல் அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது, மறுவருடம் ஓட்டும் போனது. 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவர்கூடத் தேர்வாகவில்லை. 1960-ல் அவர்களின் தலைவர் தொண்டமான் நாடாளுமன்றம் போனார், ஆனால் நியமன உறுப்பினராக. தேர்தலில் நின்று அவர் மறுபடி ஜெயித்தது 1977-ல். நியமித்தவர்களுக்குப் பதில் சொல்வது வேறு, ஓட்டுப் போட்டவர்களுக்குப் பதில் சொல்வது வேறு. நடுவில் 1964 ஒப்பந்தத்தில் இந்த மக்களை இந்தியா, இலங்கை என்ற இரண்டு அரசுகள் எண்ணிக்கையாகப் பங்கு போட்டுக்கொண்டன. அவர்களை யாரும் கேட்கவில்லை.

சரி, குடியுரிமை இல்லாதவருக்கு ஓட்டு என்பது நடக்காத காரியமா? நியூசிலாந்தில் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்கள் 1975 முதல் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கிறார்கள். ஸ்வீடன் 1976-ல் உள்ளாட்சித் தேர்தலில் வெளிநாட்டவரை அனுமதித்தது. அங்கே முதல் தடவை சுமார் 60 சதவீதம் பேர் போட்டார்கள், பிற்பாடு அது 40-க்கும் கீழே இறங்கியது. அக்கறை இல்லை என்று இதற்குச் சிலர் காரணம் சொல்வார்கள். ஓட்டுக் கேட்டு யாரும் கதவைத் தட்டாத வீட்டில் அக்கறை எங்கிருந்து வரும் என்பது என் வாதம்.

அந்தப் புது உறுப்பினரைப் போய்ப் பாருங்கள். ஓட்டில்லாதவர்களுக்கும் உள்ளாட்சியில் ஓட்டு வேண்டும் என்று சபையில் பேசுவாரா என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.