பிள்ளை கையில் விளக்குமாறு: டீச்சரிடம் கேளுங்கள்

முன்பள்ளியில் 20 வருஷம் பிள்ளைகளோடு இருந்தவள் நான். பிள்ளைகளை வீட்டு வேலைக்குப் பழக்குவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஹட்டன்): நான் கூட்டும்போதெல்லாம் மூன்று வயது மகன் விளக்குமாற்றைப் பிடுங்குகிறான். கொடுத்தால் குப்பையை வீடெல்லாம் பரப்புகிறான் டீச்சர்.

பதில்: கொடுங்கள் தங்கச்சி. இந்த ஆசை இப்போது தானாக வருகிறது. பத்து வயதில் கெஞ்சினாலும் வராது. பழைய விளக்குமாற்றின் தடியை அவன் நெஞ்சளவுக்கு அறுத்து, முனையில் துணி சுற்றிக் கொடுங்கள். சிமெந்துத் தரையில் சோக்கால் ஒரு கட்டம் போட்டு, குப்பையெல்லாம் இதற்குள் வரணும் என்று சொல்லுங்கள். வெறுமனே "கூட்டு" என்றால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று அவனுக்குத் தெரியாது. காலை அவசரத்தில் வேண்டாம், பின்னேரம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (தலவாக்கலை): மகள் மடித்த துணியை நான் மறுபடி மடிக்கிறேன். பிழையா?

பதில்: அவள் பார்க்க மடித்தால் பிழைதான். நானும் செய்தேன். "நீங்கதானே மறுபடி மடிப்பீங்க" என்று என் மகள் ஒருநாள் கூடையை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அதோடு விட்டேன்.

கேள்வி (பொகவந்தலாவை): அக்கா கூட்டுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள். தம்பியை ஏவினால், "ஆம்பளப் புள்ள கையில வெளக்கமாறா?" என்று அப்பாயி சத்தம் போடுகிறார்.

பதில்: தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் இதே கதைதான். விறகு அடுக்குவது, பீலியில் தண்ணீர் பிடிப்பது, வடிகான் துப்புரவாக்குவது என்றால் அப்பாயி ஒத்துக்கொள்வார். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். விறகை வாரத்தில் ஒருநாள் அடுக்கினால் போதும், ஊரே பார்த்து மெச்சும். சட்டி பானை தினமும் மூன்று வேளையும் சேரும், அதை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே வாராவாரம் வேலையை மாற்றுங்கள். இந்த வாரம் தம்பி குசினி, அக்கா விறகு. கலண்டரில் பெயரை எழுதிவிட்டால் சண்டை குறையும். அப்பாயியோடு வாதாட வேண்டாம். அவர் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்வந்த காலத்தில் காம்பராவை, அதாவது லயத்து அறையை, யார் கூட்டினார்கள் என்று ஒருநாள் மெதுவாகப் பேச்சுக் கொடுங்கள், அவரே நிறையச் சொல்வார். உங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுகிறாரா? மகன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

கேள்வி (பதுளை): கூட்டினால் 20 ரூபாய் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நாளைக்கு 50 கேட்பான்.

கேள்வி (புசல்லாவை): மகள் தரம் 5. புலமைப்பரிசில் முடியும்வரை ஒரு வேலையும் சொல்லக்கூடாது என்கிறார் மனைவி.

பதில்: தன் படுக்கையை மடிப்பது, தன் காலுறையைத் துவைப்பது. பத்து நிமிஷம்கூட ஆகாது தம்பி. மற்றதைப் பரீட்சைக்குப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி (கண்டி): பக்கத்து வீட்டில் டெங்கு. பிள்ளைகள் என்ன செய்யலாம்?

பதில்: நிறையச் செய்யலாம், அவர்கள் கண்ணுக்குத்தான் மூலை முடுக்கெல்லாம் தெரியும். சனிக்கிழமை வீட்டைச் சுற்றி வந்து தண்ணீர் தேங்கியதையெல்லாம் எண்ணச் சொல்லுங்கள்: சிரட்டை, யோகட் கோப்பை, தயிர்ச் சட்டி, பூச்சாடித் தட்டு, டயர். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பு தன் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டுகிறது. காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாமல் இருந்து, மழை பெய்ததும் பொரிக்கும். தேங்காய்ப் பொச்சால் ஓரத்தைத் தேய்த்துக் கழுவணும். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும், அதனால் ஒரு வாரமும் தவறக்கூடாது. இந்த நுளம்பு பகலில் கடிக்கும். நீளக் கைச் சட்டை போட்டு அனுப்புங்கள். பெரிய பீப்பாயைப் பெரியவர்கள் கழுவுங்கள்.

கேள்வி (பண்டாரவளை): பன்னிரண்டு வயது மகனைக் கழிவறை கழுவ விடலாமா?

பதில்: சவர்க்காரத் தூளும் பிரஷும் கொடுத்து விடலாம். அமிலம் உள்ள கழிவறைத் திரவம் பெரியவர்கள் கையில் மட்டும் இருக்கட்டும். அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சின்ன அறையில் மூச்சையே அடைத்துவிடும். அப்புறம், கடையில் சில்லறையாக வாங்கிய திரவத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தால், இன்றைக்கே அதை மாற்றிவிடுங்கள்.