இங்கிலாந்துல நடக்குற ஃபுட்பால் மேட்ச்சுக்கு ஸ்மோக் கேன் (கலர் புகை விடுற டப்பா) எடுத்துட்டுப் போலாமா? ஃப்ளேர் (பளிச்னு எரியுற தீக்குச்சி மாதிரி) இல்ல, வெறும் ஸ்மோக்தான், யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஜெர்மனில எல்லாம் விடுறாங்கன்னு ஃப்ரெண்டு சொல்றார்.
வேணாம் ப்ரோ, "ஃப்ளேர் இல்ல, வெறும் ஸ்மோக்தான்"னு நீங்க சொன்னாலும் அங்க சட்டம் ரெண்டையும் ஒண்ணாத்தான் பாக்குது. விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கான 1985 சட்டப்படி பத்த வைக்கவே தேவையில்ல, பையில வெச்சுக்கிட்டு உள்ள நுழையப் பாத்தாலே குற்றம், 3 மாசம் வரை ஜெயில் போடலாம், அதோட பேனிங் ஆர்டரும் (மேட்ச்சுக்கு வரக்கூடாதுன்னு கோர்ட் போடுற தடை) வந்துச்சுன்னா குறைஞ்சது 3 வருஷம் கிரவுண்ட் பக்கமே போக முடியாது.

உங்க ஃப்ரெண்டு ஜெர்மனி வீடியோ பாத்துட்டுத்தான் சொல்லிருப்பார்னு நினைக்கிறேன். அங்கயும் தடைதான், 2020ல ஹாம்பர்க் மேட்ச்ல பத்த வெச்சது முன்கூட்டியே பர்மிஷன் வாங்கி செஞ்சது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகாது"ன்னு எழுதிருக்கீங்களே, அத மட்டும் ஒத்துக்கவே மாட்டேன். எரியுற கேனோட வாய்ப்பகுதி கையச் சுட்டுரும், நெரிசல்ல கீழ விழுந்தா அடுத்தவங்க கால்மேலதான் விழும், பக்கத்துல ஆஸ்துமா இருக்குற குழந்தை இருந்தா மூச்சே விட முடியாது. 1993ல கார்டிஃப்ல வேல்ஸ், ருமேனியா மேட்ச்ல ஃப்ளேர் பட்டு ஒரு ரசிகர் செத்தே போனார்.

கிளப் வெப்சைட்ல கிரவுண்ட் ரெகுலேஷன்ஸ்னு (ஸ்டேடியம் விதிகள்) இருக்கும், கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிங்க. கொடி கொண்டுபோறதுன்னா சைஸும் பாருங்க, பெருசா இருந்தா தீப்பிடிக்காத துணின்னு சர்டிஃபிகேட் கேப்பாங்க.

நான் சொன்னது இங்கிலாந்து, வேல்ஸுக்கு மட்டும், ஸ்காட்லாந்துக்கு சட்டம் தனி.