கொட்டிலுக்கு மூன்று நிறம்

கேள்வி: எங்கள் வயலோரத்தில் அப்பா காலத்து மாட்டுக்கொட்டில் ஒன்று நிற்கிறது. மண்சுவர், கிடுகுக் கூரை, ஒரு பக்கம் மட்டும் துருப்பிடித்த தகரம். அது விழ முன்னம் நீர்வர்ணத்தில் கீறிவிட ஆசை. 24 நிறப் பெட்டி வாங்கி, கிடுகை ஓலை ஓலையாகக் கீறிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் படம் சேறாகிப் போகிறது. எங்கே பிழைக்கிறேன்?
- வாசகி, தம்பலகாமம்

பதில்: தங்கச்சி, "விழ முன்னம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்தப் படத்தைக் கைவிட நான் விடமாட்டேன். உங்கள் கையில் பிழையில்லை. முதல் பிழை அந்தப் பெட்டியில் இருக்கிறது.

அதில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: மஞ்சள் ஓக்கர் (மங்கிய மண் மஞ்சள்), பேர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் நீலம். முதல் இரண்டும் இரும்பு கலந்த மண்ணிலிருந்து வந்த நிறங்கள். உங்கள் மண்சுவருக்கும் தகரத்துத் துருவுக்கும் நிறம் கொடுப்பதும் அதே இரும்புதான். ஆகவே கொட்டிலின் நிறத்தைத் தேடி அலையத் தேவையில்லை. சியன்னாவோடு நீலத்தைக் கலந்தால் சாம்பல் வரும். நீலம் கூடினால் அது தகரம், சியன்னா கூடினால் பழைய மரம். இரண்டையும் தண்ணீர் குறைத்துத் தடிப்பாகக் கலந்தால் கொட்டிலுக்குள் இருக்கும் இருட்டு. அல்ட்ராமரைனின் துகள்கள் கடதாசியின் குழிகளில் தங்கிச் சொரசொரப்புக் காட்டும், மண்சுவருக்கு அதைவிட என்ன வேண்டும்? வெள்ளை வர்ணத்தைத் தொடவே வேண்டாம். கொக்கு நின்றால் அந்த இடத்தில் கடதாசியை அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி கிடுகு. ஓலை ஓலையாகக் கீறுவதிலும் சேறு பிறக்கிறது. கச்சான் காற்று வீசும் நாளில் நாலு ஓலை முடிய முன்னமே கடதாசி காயத் தொடங்கிவிடும். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ் பட்டால் நிறம் கலங்கி, ஓரங்களில் பூப்பூவாய்க் கறை கட்டும். அதனால் தேவைக்கு இரண்டு மடங்கு வர்ணத்தை முதலிலேயே தண்ணியாகக் கரைத்து வையுங்கள். பலகையைச் சற்றுச் சரித்து, 12ஆம் இலக்கப் பெரிய பிரஷால் கூரை முழுவதையும் ஓக்கரில் ஒரே இழுப்பாக இறக்குங்கள். ஈரம் மினுங்கும்போதே தாழ்வாரப் பக்கம் சாம்பலைத் தொட்டுவிடுங்கள், தகரப் பக்கம் சியன்னாவை. அது தன்பாட்டில் பரவட்டும். பிரஷைக் கழுவிவிட்டு எழும்பி நடவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, வர்ணம் தொட்டு ஈரத்தை ஒற்றியெடுத்த பிரஷால் கூரை விளிம்பில் மூன்று நாலு கீற்று உரசினால் கிடுகு தெரியும். கடதாசி சதுர மீற்றருக்கு 300 கிராமாவது இருக்கட்டும். மெல்லியது சுருண்டு குளம் கட்டும்.

நிழலைத்தான் ஆட்கள் துண்டு துண்டாக்கிக் கெடுக்கிறார்கள். தாழ்வாரத்தின் அடி, வாசல் இருட்டு, நிலத்தில் விழுந்த நிழல், மூன்றையும் பிரஷ் தூக்காமல் ஒரே உருவமாக ஓட விடுங்கள். உள்ளே நிற்கும் மாட்டின் பின்பாதி அதற்குள் கரைந்தால் கரையட்டும். கொட்டில் நிலத்தில் ஊன்றி நிற்பது அந்த ஒரு நிழலால்தான்.

இளம் பயிரின் பளீர்ப் பச்சை இந்த மூன்றில் வராது. ஓக்கரும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் மங்கிய பச்சைதான். அதற்காக நாலாவது நிறத்தை எடுத்துவிடாதீர்கள். பெரும்போக வெட்டு முடிந்து வயல் தாளடியாகக் கிடக்கும் பங்குனியில் கீறுங்கள். அப்போது வயலே ஓக்கர் நிறம்தான்.

காலை ஏழு மணிக்கு முன் போய் இருந்துவிடுங்கள். வெயில் ஏற ஏற அந்த நீள நிழல் சுவரடிக்குள் ஒடுங்கிவிடும். ஒரு நாளில் ஒரு கடதாசியோடு நிற்காமல் மூன்று கீறுங்கள், மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். கொட்டிலில் இப்போதும் மாடு கட்டுகிறீர்களா என்பதையும் எழுதுங்கள்.