கல்லூரி ஃபுட்பால் அணி புது அஃபென்சிவ் கோஆர்டினேட்டரைத் தேடும்போது பெரிய பெயருக்குத்தான் போக வேண்டுமா?

உங்கள் பல்கலைக்கழக அணி தன் அஃபென்சிவ் கோஆர்டினேட்டரை நீக்கிவிட்டது, நண்பர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பிரபலத்தின் பெயரைச் சொல்கிறார்கள், ஒரு ஆள் மாறினால் அணி உண்மையிலேயே மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறும். தலைகீழாகக்கூட மாறும். ஆனால் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் ஆட்டத்தைப் பற்றி யோசிக்கும் அணி பெரும்பாலும் பணத்தையும் ஒரு வருடத்தையும் தொலைக்கும். நான் மேல்படிப்பு படித்தது லூசியானாவில், பேட்டன் ரூஜ் நகரத்து எல்எஸ்யுவில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்). அந்த அணி 2016க்கும் 2021க்கும் இடையில் இதே வேலைக்கு மறுபடி மறுபடி ஆள் தேடியது. அந்தக் கதையைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

அமெரிக்கன் ஃபுட்பால் பழக்கமில்லாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். தலைமைப் பயிற்சியாளர் மொத்த அணிக்கும் பொறுப்பு. அவருக்குக் கீழே, பந்து நம்மிடம் இருக்கும்போது என்ன செய்வது என்பது முழுக்க அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் தலையில். வாரம் முழுக்க எதிரணியின் வீடியோவைப் பார்த்து, எந்தச் சூழ்நிலையில் எந்த பிளே (ஒரு தடவை பந்தை எடுத்து ஆடும் நகர்வு) என்று திட்டம் எழுதுவார். சனிக்கிழமை ஆட்டத்தில் ஒவ்வொரு பிளேவையும் அவரே கூப்பிடுவார். ஒரு ஆட்டத்துக்கு எழுபது பிளே வரும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாற்பது நொடிதான். கல்லூரி ஆட்டத்தில் 2024 வரை, பந்தை வாங்கி எறியும் முக்கிய வீரரான குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டில் ரேடியோ கிடையாது, கைச்சாடையும் படம் போட்ட அட்டையும்தான். ஆக இந்த வேலைக்கு அறிவு மட்டும் இருந்தால் போதாது. நாற்பது நொடிக்குள் முடிவெடுக்கும் துணிச்சல் வேண்டும், அந்த முடிவில் மேலே இருப்பவர் கை வைக்காமலும் இருக்க வேண்டும். பல தேடல்கள் கோட்டைவிடுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான்.

2016 செப்டம்பரில் ஆபர்னிடம் 18-13 என்று தோற்றதும், நீண்ட காலம் தலைமைப் பயிற்சியாளராக இருந்த லெஸ் மைல்ஸையும் அவருடைய அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் கேம் கேமரனையும் எல்எஸ்யு ஒரே நாளில் அனுப்பிவிட்டது. தற்காலிகமாகப் பொறுப்பேற்றவர் எட் ஆர்கெரான். அதே லூசியானா மண், பேயூ லஃபூர்ஷ் கரையில் பிறந்து வளர்ந்தவர், எதிரணியைத் தடுக்கும் முன்வரிசையான டிஃபென்சிவ் லைனுக்குப் பயிற்சியாளராகப் பேரெடுத்தவர். தாக்குதல் ஆட்டம் அவருடைய துறையே இல்லை. அந்தப் பொறுப்பை அப்போதைக்கு ஸ்டீவ் என்ஸ்மிங்கர் என்ற உதவிப் பயிற்சியாளரிடம் கொடுத்தார். எழுபதுகளில் எல்எஸ்யுவுக்கே குவாட்டர்பேக்காக ஆடியவர், அதிகம் பேசாத மனிதர். அவர் திட்டமிட்ட முதல் ஆட்டத்திலேயே மிசௌரியை 42-7 என்று அடித்து, பந்தை மொத்தம் 634 யார்டு முன்னேற்றினார்கள். அப்படியிருந்தும் ஆர்கெரானுக்கு வேலை நிரந்தரமானவுடன் வெளியே பெரிய ஆளைத் தேடப் போனார்கள்.

கிடைத்தவர் மேட் கனடா. அந்த 2016இல் பிட்ஸ்பர்க் அணியின் அஃபென்சிவ் கோஆர்டினேட்டராக இருந்து கிளெம்சனை அதன் சொந்த மைதானத்தில் 43-42 என்று வீழ்த்தியவர். அந்த வருடம் சாம்பியன் ஆன கிளெம்சனுக்கு அது ஒன்றுதான் தோல்வி. வருடத்துக்கு 15 லட்சம் டாலர், மூன்று வருட ஒப்பந்தம். ஊரே கொண்டாடியது. கனடாவின் ஆட்டத்துக்கு உயிர்நாடி, பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன்னால் வீரர்கள் இடம் மாறி மாறி ஓடி எதிரணியின் கண்ணைக் குழப்புவது. ஆர்கெரானுக்கு அது ஒத்துவரவில்லை. இளம் வீரர்கள் தடுமாறுகிறார்கள் என்று அந்த ஷிஃப்டுகளையும் மோஷன்களையும் குறைக்கச் சொன்னார். 2017 செப்டம்பர் 30 அன்று, டிராய் என்ற சின்னப் பல்கலைக்கழக அணியிடம் சொந்த மைதானத்தில் 24-21 என்று தோற்றார்கள். சீசன் முடிந்ததும் 17 லட்சம் டாலர் கொடுத்து கனடாவை அனுப்பிவைத்தார்கள். கனடா திறமை இல்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. எதற்காக அவரைக் கூட்டிவந்தார்களோ அதையே செய்ய விடாவிட்டால் வேறு யார் வந்திருந்தாலும் முடிவு இதுதான்.

2018 ஜனவரியில் வெளியே தேடாமல் என்ஸ்மிங்கருக்கே பொறுப்பைக் கொடுத்தார் ஆர்கெரான். ஊரில் எரிச்சல் தாங்கவில்லை. என் பக்கத்து வீட்டில் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார், ஆட்டநாளில் விடிகாலையிலேயே கம்போ என்ற லூசியானாக் குழம்புச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுவார். நாலு தெரு தள்ளி இருப்பவர்களும் கிண்ணத்தோடு அவர் வாசலுக்கு வந்துவிடுவார்கள், அவர் மாவை எண்ணெயில் கருஞ்சிவப்பாக வறுத்துக்கொண்டே பேசுவார். “பணம் இல்லாமலா, மனசு இல்லாமலா, ஏன் வெளியே தேடவில்லை?” என்று அந்த வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த சீசனில் பத்து வெற்றி வந்தாலும், நவம்பரில் அலபாமாவிடம் நம் மைதானத்தில், லட்சம் பேருக்கு முன்னால், 29-0. ஒரு புள்ளிகூட இல்லை.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தேடல் நடந்தது. அந்தத் தோல்விக்குப் பிறகு என்ஸ்மிங்கரைத் தூக்கிவிட்டு இன்னொரு பிரபலத்தை ஆர்கெரான் கொண்டுவந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், நம்மிடம் என்ன இல்லை என்று பார்த்தார். இல்லாதது நவீனமான பாஸிங் ஆட்டம், அதாவது பந்தை எறிந்து முன்னேறுவது. பேட்டன் ரூஜிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் ஆடும் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி. அங்கே தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனுக்குக் கீழே ஒரு மூலையில் உதவியாளராக இருந்தவர் ஜோ பிரேடி, வயது 29. அதற்கு முன்பே ஆர்பிஓ பற்றிப் பேச எல்எஸ்யுவுக்கு வந்துபோயிருந்தார். ஆர்பிஓ என்றால் ஓட்டமா பாஸா என்று முன்கூட்டித் தீர்மானிக்காமல், பந்து கைக்கு வந்த பிறகு ஒரு குறிப்பிட்ட எதிரணி வீரர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பார்த்து குவாட்டர்பேக்கே முடிவு செய்வது. 2019 ஜனவரியில் பிரேடியை பாஸிங் கேம் கோஆர்டினேட்டராக எடுத்தார்கள், சம்பளம் 4 லட்சம் டாலர். கனடாவுக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அறுபது வயது என்ஸ்மிங்கரும் முப்பதைத் தொடாத பிரேடியும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே திட்டத்தை எழுதினார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. பட்டம் என்ஸ்மிங்கருடையது, புதுச்சரக்கு பிரேடியுடையது. தன் பேத்தி பேரன்களைப் பற்றிப் பேசும் வயதில் ஒருவர், தன் பிளேபுக்கை ஒரு இளைஞன் கலைத்துப் போடுவதைப் பொறுத்துக்கொண்டது மட்டுமில்லை, அதை ஏற்று நடத்தினார். ஈகோ இல்லாத அந்த மனிதருக்குக் கிடைக்க வேண்டிய பேரில் பாதிகூடக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

2019 செப்டம்பர் 7, ஆஸ்டின், டெக்சாஸ் அணியுடன் ஆட்டம். ஆட்டம் முடிய இரண்டரை நிமிடம் இருக்கும்போது எல்எஸ்யு 37-31 என்று முன்னால். மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, பந்தைத் தக்கவைக்க இன்னும் எடுக்க வேண்டியது 17 யார்டு. பழைய எல்எஸ்யுவாக இருந்தால் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்து, கடிகாரத்தை ஓடவிட்டு, பண்ட் அடித்து, அதாவது பந்தை எதிரணி பக்கம் உதைத்துவிட்டு, டிஃபென்ஸை நம்பிக் கும்பிட்டிருப்பார்கள். நான் பார்த்துப் பழகிய அணி அப்படித்தான் ஆடும், அதுதான் பாதுகாப்பு என்று எல்லாருக்கும் பதிந்துபோயிருந்தது. அன்றைக்குக் கூப்பிட்ட பிளே பாஸ். டெக்சாஸ் பிளிட்ஸ் அடித்தது, அதாவது கூடுதல் ஆட்களைப் பாயவிட்டது, எல்எஸ்யு குவாட்டர்பேக் ஜோ பரோ ஓடிவருபவர்களைத் தவிர்த்து இடப்பக்கம் ஓரடி நகர்ந்து எறிந்தார், ஜஸ்டின் ஜெஃபர்சன் ஓட்டத்தோடு பிடித்து, மைதானத்தின் கோடியில் இருக்கும் எண்ட் ஸோன் வரைக்கும் நிற்கவேயில்லை. 61 யார்டு டச்டவுன். கடைசியில் 45-38. பெரியவர் வீட்டு வரவேற்பறையில் இருந்த பத்துப் பேரும் எழுந்து நின்றோம். இது வேறு அணி என்று எனக்குப் புரிந்தது அந்த ஒரு பிளேவில்தான். அந்த மூன்றாவது டவுனில் தலைமைப் பயிற்சியாளர் குறுக்கே விழுந்து “ஓட்டு” என்று சொல்லியிருந்தால் பிரேடி இருந்தும் பயனில்லை.

மீதியை எண்களே சொல்லும். 2018இல் 16 டச்டவுன் பாஸ் எறிந்த அதே பரோ 2019இல் 60 எறிந்தார், துல்லியம் 57.8 சதவீதத்திலிருந்து 76.3க்குப் போனது, கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். அலபாமாவை அவர்கள் ஊரில் 46-41. தேசிய இறுதியில் கிளெம்சனை 42-25. பதினைந்து ஆட்டம், பதினைந்து வெற்றி. சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது பிரேடிக்கு. அரையிறுதியான பீச் பவுல் அன்று காலை என்ஸ்மிங்கரின் மருமகள் விமான விபத்தில் இறந்துபோனார். சில மணி நேரத்தில் அவர் மேலே பயிற்சியாளர்களுக்கான பூத்தில் உட்கார்ந்து பிளே கூப்பிட்டார். ஓக்லஹோமாவை அன்று 63-28 என்று அடித்தார்கள், பரோ முதல் பாதியிலேயே ஏழு டச்டவுன் எறிந்தார். அந்த ஆட்டத்தின் பதிவை என்னால் இன்றும் கண்கலங்காமல் பார்க்க முடியவில்லை.

பரோ, ஜெஃபர்சன், ஜமார் சேஸ் என்று மூன்று பேர் ஒரே அணியில் இருந்தால் யார் பிளே கூப்பிட்டாலும் ஜெயிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மூன்று பேரும் 2018லும் அதே அணியில்தான் இருந்தார்கள். ஆட்கள் இல்லாமல் திட்டம் எடுபடாது, உண்மை. திட்டம் இல்லாமல் அதே ஆட்கள் 29-0 தோற்றதும் உண்மை.

அப்புறம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பிரேடி ஒரே வருடத்தில் என்எஃப்எல் அணியான கரோலினா பேந்தர்ஸுக்குப் போய்விட்டார், முக்கிய வீரர்களும் என்எஃப்எல்லுக்குப் போனார்கள். 2020இல் ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. என்ஸ்மிங்கர் பொறுப்பிலிருந்து விலகியதும் ஆர்கெரான் மறுபடி ஆள் தேடினார். இந்த முறை பேந்தர்ஸில் பிரேடியோடு வேலை பார்த்த ஜேக் பீட்ஸையும் டிஜே மாங்கஸையும் கொண்டுவந்தார். நம்மிடம் என்ன குறை என்று 2019இல் கேட்ட கேள்வியை இந்தத் தடவை கேட்டதாகத் தெரியவில்லை, 2019ஐயே இன்னொரு பிரதி எடுக்கப் பார்த்தார்கள். பொறுப்பில் ஒரு என்ஸ்மிங்கர் இல்லை. சீசன் பாதியில் இருக்கும்போதே ஆர்கெரான் போகப்போகிறார் என்ற அறிவிப்பு வந்துவிட்டது. கரோலினாவில் பிரேடியுமே நிலைக்கவில்லை, 2021 டிசம்பரில் நீக்கப்பட்டார். பிறகு பஃபலோ பில்ஸ் அணியில் குவாட்டர்பேக் ஜாஷ் ஆலனோடு மறுபடி பிரகாசித்தார். மனிதர் அவரேதான், இடமும் துணையும் வேறு.

இப்போது உங்கள் அணிக்கு வருவோம். இந்தத் தேடல் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் நடக்கும். புது மாணவர்கள் கையெழுத்துப் போடுவதும் வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் ஆட்கள் நகர்வதும் அதையொட்டியே வரும், அதனால் அவசரத்தில் முடிவெடுப்பார்கள். ஏஜென்ட்கள் தங்கள் ஆளுக்குச் சம்பள உயர்வு வாங்கவே பெயரைக் கசியவிடுவதும் உண்டு, காதில் விழும் ஒவ்வொரு பெயரையும் நம்ப வேண்டாம். அறிவிப்பு வந்ததும் மூன்று விஷயத்தைப் பாருங்கள். பிளே கூப்பிடப்போவது யார் என்று தலைமைப் பயிற்சியாளர் தெளிவாகச் சொல்கிறாரா, மழுப்புகிறாரா. இருக்கிற குவாட்டர்பேக்குக்கு ஏற்ற ஆட்டமா, இல்லை அந்தப் பையனையே மாற்ற வேண்டியிருக்குமா. குவாட்டர்பேக்குக்குக் காவலாக நிற்கும் முன்வரிசையின், அதாவது அஃபென்சிவ் லைனின், பயிற்சியாளரோடு புதியவருக்கு ஒத்துப்போகுமா. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, பல திட்டங்கள் உதைபடுவது அங்கேதான்.

எல்எஸ்யுவுக்கு அடுத்த தலைமைப் பயிற்சியாளராக வந்த பிரையன் கெல்லி, தன்னோடு முன்பே பல வருடம் வேலை பார்த்த மைக் டென்பிராக்கை அஃபென்சிவ் கோஆர்டினேட்டராக சின்சினாட்டியிலிருந்து கூட்டிவந்தார். அந்தப் பெயரைக் கேட்டு பேட்டன் ரூஜில் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. இரண்டாவது வருடம், 2023இல், குவாட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் 40 டச்டவுன் பாஸோடு ஹைஸ்மன் வாங்கினார். அந்த சீசன் முடிந்ததும் டென்பிராக் நோட்ரடேம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார், தேடல் திரும்பவும் தொடங்கியது. உங்கள் அணி எது, தலைமைப் பயிற்சியாளர் அஃபென்ஸ் பக்கமா டிஃபென்ஸ் பக்கமா என்று கீழே எழுதுங்கள், அடிபடும் பெயர்களில் யார் பொருந்துவார் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.