'ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்' (1997) என்ற ஹாலிவுட் திகில் படத்தைப் பற்றி ரசிகர்கள் ஏன் இரண்டுபட்டிருக்கிறார்கள்?

முதல் காரணம் 'ஸ்க்ரீம்' (1996) என்ற இன்னொரு திகில் படம். இரண்டுக்கும் திரைக்கதை கெவின் வில்லியம்சன்தான். அதில் இருந்த நையாண்டியை இதிலும் எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். இது நேரான பழிவாங்கல் கதை: ஒருவனைக் காரில் மோதிவிட்டு அதை மறைத்த நான்கு நண்பர்களை, கொக்கி ஏந்திய மீனவன் வேட்டையாடுகிறான்.

குறை சொல்பவர்கள் முதலில் எடுப்பது கார் டிக்கி காட்சியை. நண்டு மொய்க்கும் பிணத்தை நால்வரில் ஒருத்தியான ஜூலி பார்க்கிறாள். நண்பர்களை அழைத்து வருவதற்குள் பிணமும் இல்லை, ஒரு நண்டும் இல்லை, ஈரம்கூட இல்லை. பட்டப்பகலில் கொலையாளி ஒற்றை ஆளாக எப்படித் துடைத்தான்? படத்தில் பதில் கிடையாது.

பிடித்தவர்கள் சொல்வது ஜூலியின் தோழி ஹெலன் துரத்தப்படும் காட்சியை (கதை முடிச்சு வருகிறது, கவனம்). போலீஸ் காரிலிருந்து தப்பி, குடும்பக் கடைக்குள் ஓடி, மாடியிலிருந்து குதித்து, சந்துக்குள் வருகிறாள். சில அடி தூரத்தில் ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தின ஊர்வலம்; பேண்டு வாத்தியச் சத்தத்தில் அவள் அலறல் யார் காதிலும் விழவில்லை. காப்பாற்றிவிட்டார்கள் என்று நம்பவைத்து ஏமாற்றுவதால்தான் அது இன்றும் வலிக்கிறது. படத்தின் உச்சம் அதுதான். கிளைமாக்ஸ் படகுச் சண்டை அதற்குப் பக்கத்தில்கூட வராது.

படத்துக்கு மூலமான லோயிஸ் டங்கனின் 1973 நாவலைப் படித்தவர்களின் கோபம் தனி. அதில் கொக்கி ஏந்திய மீனவனே கிடையாது. மகளைக் கொலைக்குப் பறிகொடுத்த டங்கனுக்கே இந்தப் படம் பிடிக்கவில்லை.